துவைத்துக் காயப்போட்ட ஏழு குழாய்கள்

கடவுள் துணை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காலை கார் கொட்டகையில் இருந்தவர்கள் நாலு பேர்: உன் அப்பா, உன் சித்தப்பா, ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுத் தையல்காரர், நான். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை, இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா போன வாரம் பழைய காரின் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய, அதிலிருந்து போகும் வேக்குவம் குழாய்கள் ஏழையும் உருவி ஒரு தட்டில் வைத்திருந்தார். இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு அந்த ரப்பர் குழாய்கள் வழியாகத்தான் பிரேக்குக்கும் மற்றதுக்கும் போகிறது என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பிரேக்குக்குப் போகிற தடிக் குழாய் குழந்தைக்கும் தெரியும், மீதி ஆறும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். ஞாயிறன்று அவர் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார், வண்டி குலுங்கிக் குலுங்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் நின்றுவிட்டது. சிக்கெடுக்கணும்னா சொல்லுங்கண்ணே, என் தொழிலே அதுதான் என்று தையல்காரர் சிரித்தார். எது எங்கேன்னு சாக்பீஸ்ல நம்பர் போட்டு வச்சேனே என்று அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு குழாயிலும் ஒரு கோடுகூட இல்லை. நீங்க போட்டதா நினைச்சிருப்பீங்கண்ணே, பெரியண்ணனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுதுன்னு உன் சித்தப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். கடைசிக் காலத்தில் தன் வீட்டு வாசலே தெரியாமல் நின்ற உன் பெரியப்பாவை நீயும் பார்த்தாயே. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து சாவியைத் தொடவில்லை, மாத்திரை போட்டேனா என்று என்னையே கேட்கிறார், நெனப்பு நிக்காதவன் ஸ்டியரிங் புடிக்கக் கூடாதுன்னு வண்டியை எடுத்துக்கொண்டு போக மாதக் கடைசியில் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டார்.

அவர் நம்பர் போட்டிருந்தார், அழித்தவள் நான். முந்தின நாள் சனிக்கிழமை, குழாயெல்லாம் பிசுக்காகக் கிடக்கிறதே என்று சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, பழையபடி தட்டிலேயே வைத்துவிட்டேன். வெள்ளையாக இருந்ததைச் சுவர்ச் சுண்ணாம்பு என்று நினைத்தேன். நோட்டில் சலவைக் கணக்கு என் கையெழுத்திலேயே இருக்கிறது: போர்வை இரண்டு, சட்டை ஐந்து, கார் குழாய் ஏழு. சித்தப்பா அப்படிச் சொன்னபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் விட்டேன், அதற்கப்புறம் மூன்று நாள் ஓடிவிட்டது. கடவுளிடம் சொல்லியாகிவிட்டது, அவரோ உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல் என்றுதான் என்னைத் திருப்பி அனுப்புகிறார்.

இதுவரை எழுதிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன், இப்போதுதான் திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். அப்ப நான் நம்பர் போட்டிருக்கேன் என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு தரம் சொல்லு என்றார், சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே இன்ஜினையும் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியிருக்கலாமேன்னு கேட்டுக்கொண்டே கொட்டகைக்குப் போனார். நாலு குழாய் சரியாகச் சேர்ந்துவிட்டதாம், ரெண்டுதான் இடம் தெரியவில்லையாம். வண்டி நிற்காமல் ஓடினால்தான் இரும்புக்காரரை வேண்டாமென்று சொல்வாராம்.

நீயும் அப்பாவும் முன்பு இதைச் சேர்த்து மாட்டியபோது நீல நோட்டில் படம் வரைந்தாயே, மறக்காமல் அதைப் பார்த்து எழுதி அவர் பெயருக்கே அனுப்பு, துவைத்ததைப் பற்றிக் கேலி செய்வதாக இருந்தால் என்னைக் கேலி செய்துகொள். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, ஈரத் தலையோடு படுக்காதே. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். படத்தோடு சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா