தாமதத்துக்கான காரணம்

அண்ணா,

அப்பாவைக் கொன்றது உங்கள் திறப்பு விழா.

நின்றுபோகிற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் இயந்திரத்தைக் கனடாவிலிருந்து நெடுந்தீவுக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான். வாசிகசாலைக் கண்ணாடி அலுமாரியில் அதைப் பூட்டிவைத்து, ஆடியில் வந்து ரிப்பன் வெட்டுவேன் என்று சாவியோடு போய்விட்டீர்கள். இயக்கப் பழகியவள் நான் ஒருத்தி.

அப்பா வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கதிரையிலிருந்து சரிந்தார். நான் அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டே அலுமாரியை உடைக்கச் சொல்லிக் கத்தினேன். வாசிகசாலைத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளை கையைப் பிசைந்தார்.

"பிள்ளை, திறப்பு விழா நடக்காத சாமான். உம்மட அண்ணை என்னைக் கிழிச்சுப்போடுவார். பொறும், ஒருக்கா அவருக்குப் போன் அடிச்சுக் கேக்கிறன்."

"மனிசன் சாகுது, உங்களுக்கு ரிப்பன் கேக்குதோ?"

உங்களுக்கு அங்கே விடியவில்லை. நீங்கள் எடுக்கவில்லை. கடைசியில் அழுத்துவதை விட்டுவிட்டு நானே கதிரையால் கண்ணாடியை உடைத்தேன். விட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தைப் பொருத்தியதும், அதிர்ச்சி கொடுக்க வேண்டாம் என்று அது ஆங்கிலத்தில் சொன்னது. இதயத்தில் சிறு நடுக்கமாவது மிச்சம் இருந்தால்தான் அது கொடுக்கும்.

பயிற்சி தந்தவர்களுக்கு நான் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். எங்கே பிழை விட்டோம் என்று பார்த்தால்தான் அடுத்தவராவது தப்புவார். சரிந்தது 2.10. இயந்திரம் பொருத்தியது 2.31. தாமதத்துக்கான காரணம் என்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

அதில் என்ன எழுதுவது என்று இரண்டு முறை உங்களிடம் கேட்டுவிட்டேன். கல்லறைக்கு மாபிள் போடலாம் என்கிறீர்கள். மாபிள் வேண்டாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். காரணத்தை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

தங்கச்சி