சிரிக்காத படம்

மஸ்கெலியா
18.05.2025

என் அன்பு றொசானாவுக்கு,

நாங்கள் மழையோடு நலமாக இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீ எப்படிக் காய்கிறாயோ. போனில் எவ்வளவு பேசினாலும் மனதில் இருப்பதைக் கடிதத்தில்தான் சொல்வோம் என்று ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையை விட்டுப் பிரியும்போது பேசிக்கொண்டோமே. நான் மறக்கவில்லை. நீதான் சோம்பேறி.

நீ வேலை செய்யும் தொண்டு அமைப்பு அனுப்பிய கணினிகள் பத்திரமாக வந்துவிட்டன. பிள்ளைகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவது போல வருகிறார்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு பாடம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தினேன். இடைவேளைக்குள் எல்லாருடைய கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லோஜனைப் பிடித்துக் கேட்டால், "கூட்டாளிக்கிட்ட மறைச்சா கோவிச்சுக்குவாங்களே டீச்சர்" என்கிறான்.

திரையில் என்ன திறந்தாலும் வகுப்பே சேர்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். வாசிப்பும் வரும், தூங்குகிறவனும் எழும்புவான். அதிலே முதல் குரல் நிலக்ஷியுடையது. ஐந்தாம் ஆண்டு. அப்பா அழகுமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா நாகலெட்சுமி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறார். அவள் விசைப்பலகையில் தட்டுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது.

இன்னொரு கூத்து. எங்கள் ஊர் அணை உடைந்துவிட்டதென்று யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட, கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் இருந்த சனமெல்லாம் பிள்ளைகுட்டியோடு மேட்டுக்கு ஓடியது. நானும் ஓடினேன், சிரிக்காதே. பார்த்தால் அது எந்த நாட்டு அணையோ.

உன்
கிருஷாந்தி

கொழும்பு
02.06.2025

அன்பின் கிருஷாவுக்கு,

நீ மேட்டுக்கு ஓடியதை நினைத்து நினைத்து அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். நீ ஓடிய ஓட்டத்தை நான் கலாசாலையிலேயே பார்த்தவள். ஒரு படத்தைக் கொடுத்தால் அது முதலில் எங்கே இருந்தது என்று தேடிச் சொல்லும் வசதி கணினியில் இருக்கிறது. அதையே ஒரு பாடமாக வை. பொய்ப் படத்தைச் சின்ன வயதிலேயே பிடிக்கப் பழகட்டும்.

ஒரு வேலை தருகிறேன், முகம் சுளிக்காதே. இந்தக் கணினிகளுக்கு உதவியவர்களுக்குக் காட்டப் படங்கள் வேண்டும். முன்பு நீ அனுப்பியதில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு கலியாண வீட்டில் நிற்பது போல நிற்கிறார்கள். சிரிக்கிற பிள்ளைக்கு யாரடி உதவுவார்? வீட்டு ஆட்களோடு, லயத்து வாசலில், சிரிக்காமல் நிற்கவைத்து எடுத்து போனில் அனுப்பு. நிலக்ஷி என்றாயே, அவளைக் கட்டாயம் எடு.

அடுத்த வருடத்துக்குள் உன் பள்ளிக்கு ஒரு கணினி அறையே கட்டித் தருவேன். நான் நோர்வூட் லயத்தில் பிறந்தவள். நம் பிள்ளைகளை நான் விடமாட்டேன்.

அன்புடன்
றொசானா

மஸ்கெலியா
09.07.2025

றொசானாவுக்கு,

பள்ளி விட்ட கையோடு எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நீ சொன்ன பாடத்தை இன்று வைத்தேன். முதலில் அணைப் படத்தைத் தேடினோம். அது பழைய படம் என்று வந்ததும் வகுப்பு கைதட்டியது. பிறகு நிலக்ஷி, "என் படத்தப் போட்டா என்னா டீச்சர் வரும்?" என்று கேட்டாள். ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு, அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மாவோடு எடுத்து உனக்கு அனுப்பிய படத்தையே போட்டேன்.

வந்தது. உங்கள் அமைப்பின் பக்கம். பிள்ளைகள் வழக்கம்போலச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். "தந்தையை இழந்த நிலக்ஷி. விதவைத் தாயின் கூலியில் ஒருவேளை உணவு." பாட்டுப் போல இழுத்து வாசித்தார்கள், றொசானா. பொருள் புரிய ஒவ்வொரு குரலாக நின்றது. கீழே யார் யாரோ ஆழ்ந்த அனுதாபம் எழுதியிருந்தார்கள்.

நிலக்ஷி என்னைப் பார்த்தாள். "அப்பா காலையில டீ குடிச்சிட்டுத்தானே போனாங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் எழுந்து ஓடினாள். கணினி பொய் சொல்லாது என்று அவளுக்கு யார் சொன்னது? இப்போதுதான் செத்திருக்கிறார், செய்தி பள்ளிக்கு வந்துவிட்டது என்றே அந்தப் பிள்ளை நினைத்தது. செருப்புகூடப் போடாமல் தொழிற்சாலை வரை ஓடியிருக்கிறாள். நான் பின்னால் ஓடிப்போய்ச் சேரும்போது தேயிலைத் தூளோடு நின்ற அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. அவர் என்னைப் பார்க்கிறார்.

இது எப்படி நடந்தது? வேறு யாரோ செய்த தவறு என்று எழுது, நம்புகிறேன். படமெடுத்த அன்று அந்தப் பிள்ளையிடம் "சிரிக்காதே" என்று நான்தான் சொன்னேன்.

கிருஷாந்தி

கொழும்பு
16.07.2025

அன்பின் கிருஷாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கம் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

குறிப்பு எழுதியது எங்கள் அலுவலகப் பெண். அவளுக்குத் தோட்டம் தெரியாது. படத்தில் நாகலெட்சுமியின் நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் வெள்ளை உரப்பை. விதவை என்று முடிவு கட்டிவிட்டாள். மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவளின் பொட்டுக் கரைந்துபோகும் என்றும், அது மழைக்குப் போடும் கொங்காணி என்றும் எனக்குத் தெரியாதா? பார்த்ததும் தெரிந்தது. ஆனால் நான் பார்த்தபோதே அந்தப் படத்துக்கு வந்திருந்த அளவு உதவி வேறு எதற்கும் வந்ததில்லை. விட்டுவிட்டேன்.

கோபப்படு, திட்டு. ஆனால் யோசி. அப்பா உயிரோடு இருக்கிறார், கூலிதான் போதவில்லை என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எழுதிப் பார்த்தவள். உன் கணினி அறை அந்தப் படத்தில்தான் நிற்கிறது. அறை முடியட்டும், நானே எடுத்துவிடுகிறேன். அதுவரை அழகுமுத்துவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள். பிள்ளைகளிடம், அது வேறு நிலக்ஷியின் கதை, படம் மாறிவிட்டது என்று சொல்.

என்றும் உன்
றொசானா

மஸ்கெலியா
01.08.2025

றொசானாவுக்கு,

உன் கடிதம் வருமுன்பே எல்லா லயத்துக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வகுப்பே சேர்ந்து வாசித்ததை யாரால் மூடிவைக்க முடியும்? நாகலெட்சுமி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, மழை பெய்தும் கொங்காணி போடாமல் நனைந்துகொண்டே கொழுந்தெடுத்ததாகச் சொன்னார்கள்.

அழகுமுத்து திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, "நான் செத்துட்டேன்னு போட்டிருக்காங்களாமே டீச்சர், பாக்கலாமா?" என்று கேட்டார். காட்டினேன். அனுதாபம் எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு, "இவங்கல்லாம் நல்ல மனுசங்க. பாவம், இவங்களுக்கு யாராச்சும் சொல்லணும்" என்றார்.

அந்த அனுதாபங்களுக்குக் கீழே அவர் எழுத, நிலக்ஷிதான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளைக் காட்டினாள். அவருடைய விரல் ஒன்றைத் தொட்டால் இரண்டு எழுத்து விழுந்தது. அழித்து அழித்து அடித்தார். பாடம் முடிய மணியடித்தும் ஒரு பிள்ளை எழும்பவில்லை. "நான் இருக்கிறேன். அழகுமுத்து, நிலக்ஷியின் அப்பா." அதை வகுப்பே சேர்ந்து வாசித்தது.

மறுநாள் காலையில் திறந்தோம். அது இல்லை. அந்தப் பக்கத்தில் இனி எங்களால் எதுவும் எழுத முடியாது என்று வந்தது. படம் இருந்தது, அனுதாபங்கள் இருந்தன. நிலக்ஷி கேட்டாள், "மறுபடியும் அப்பாவ சாகடிச்சிட்டாங்களா டீச்சர்?"

அழித்தது நீயா, அலுவலகப் பெண்ணா என்று நான் கேட்கப் போவதில்லை. என் பங்குக்கு, நான் படமெடுத்த எல்லா வீடுகளுக்கும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். சரிதான்.

கணினிகளைத் திருப்பி அனுப்பமாட்டேன். அவை நீ கொடுத்தவை அல்ல, இந்தப் பிள்ளைகளின் முகத்தை விற்று வந்தவை. அவர்களுடையவை. வாசலில் இருந்த உங்கள் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டேன். உன் கணினி அறை எங்களுக்கு வேண்டாம்.

எனக்கு இனி எழுதாதே, றொசானா. நம் பேச்சு இத்தோடு முடிந்தது. மனசு கேட்காமல் எழுதத் தோன்றினால் நிலக்ஷிக்கு எழுது. லயத்துக்கு வரும் கடிதம் பிள்ளையின் பெயருக்கு வந்து சேராது, அப்பாவின் பெயரைப் போட வேண்டும். நோர்வூட்டில் பிறந்த உனக்கு அது தெரியும். உறையின் மேல் அழகுமுத்து என்று உன் கையால் எழுது.

கிருஷாந்தி