உயிரோடு இருக்கும்போதே ஓர் அஞ்சலி

சிக்லுஃபியோர்த், ஐஸ்லாந்து
2 மார்ச் 1992

என் செல்லப் பேத்தி ரூனாவுக்கு,

தாத்தா எழுதிக்கொள்வது. நான் நலம். இப்படி எழுதினால்தான் நீ மேலே படிப்பாய் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இதயம் மட்டும் பழைய படகு எஞ்சின் மாதிரி நின்று நின்று ஓடுகிறது. போன வாரம் டாக்டர் பெண் என் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "கிரீமுர், கோடைக்கு ஏதாவது திட்டம் வச்சிருக்கீங்களா?" என்றாள். "இருக்கே, தோட்டத்துல உருளைக்கிழங்கு போடணும்" என்றேன். "அத வேற யாரையாவது போடச் சொல்லுங்க" என்றாள். நல்ல பெண். பூசி மெழுகத் தெரியவில்லை.

அதனால் உனக்கு ஒரு வேலை. தினமும் காலையில் காபியும் பென்சிலுமாக உட்கார்ந்து பத்திரிகையின் அஞ்சலிப் பக்கங்களைப் படிப்பவன் நான் என்பது உனக்குத் தெரியும். செத்தவருக்கே கடிதம் போடுகிற மாதிரி "அன்புள்ள அப்பா", "அன்புள்ள அத்தை" என்று வீட்டுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். எழுதட்டும், நம் நாட்டு வழக்கம். ஆனால் என்ன பொய், என்ன புளுகு! நேற்று நம் தெருமுனை எய்யோல்ஃபுர் "விடியலின் தோழர்" ஆகிவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் எழுந்து நான் பார்த்ததே இல்லை. ஓரத்தில் "பச்சைப் பொய்" என்று எழுதி வைத்தேன். எழுதி என்ன பயன்? அவனும் படிக்கப் போவதில்லை, எழுதிய பேத்தியும் திருத்தப் போவதில்லை.

எனக்கு அந்தக் கதி வேண்டாம். என் அஞ்சலியை இப்போதே எழுதி அனுப்பு. உயிரோடு இருக்கும்போதே நான் திருத்திக் கொடுத்துவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் சார்பில் ஒன்றே ஒன்று போதும். தொலைபேசியில் படித்துக் காட்டலாம் என்று நினைக்காதே, என் காது அதற்கு லாயக்கில்லை.

உன் தாத்தா
கிரீமுர்


கோத்தன்பர்க், ஸ்வீடன்
14 மார்ச் 1992

அன்புள்ள தாத்தாவுக்கு,

இதெல்லாம் ஒரு வேலையா? கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பிரித்துவிட்டு, ஓவென்று அழுதேன். பிறகு எய்யோல்ஃபுர் நினைவு வந்து சிரித்தேன். பக்கத்து மேசை ஸ்வீடன்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "முடியாது" என்று எழுதிக் கிழித்தேன். நீங்கள் விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இதோ.

"அன்புள்ள தாத்தா, அம்மா மீன் ஆலையில் இரவு வேலை பார்த்த வருடங்களில் எனக்கு எல்லாமே நீங்கள்தான். எனக்கு எட்டு வயதில் அந்தப் பெரும் பனிப்புயல் வந்தது. தென்மேற்குக் காற்று கூரைகளைப் பிய்த்துப் போட்டது. பள்ளியில் மாட்டிக்கொண்ட என்னை, உங்கள் இடுப்பிலிருந்து என் இடுப்புக்குக் கயிறு கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். 'கயிறு இழுக்குதுல்ல? அப்ப தாத்தா இருக்கேன். நட' என்றீர்கள். நடந்தேன். இன்றும் பயம் வந்தால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

சர்க்கரை தொட்டுத் தின்னும் புளிப்பு ருபார்ப் தண்டு நம் தோட்டத்திலேயே முழங்கால் உயரம் நிற்க, பாதிரியார் தோட்டத்தில் திருடக் கூட்டிப்போவீர்கள். 'திருடுனதுக்கு சர்க்கரையே வேணாம்' என்பீர்கள். நான் காவல்.

ஊர் நீச்சல்குளத்தின் காவலர் நீங்கள். கரையில் நீளக் கழியோடு நின்றே ஊரில் பாதிப் பேருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒருநாளும் தண்ணீரில் இறங்கவில்லை, ஏனென்றால் உங்களுக்கு நீந்தவே தெரியாது! அந்த ரகசியத்தை நான் இன்றுவரை காப்பாற்றினேன். உங்களைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை."

போதுமா? இனி இந்தப் பேச்சே வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ரூனா


சிக்லுஃபியோர்த்
30 மார்ச் 1992

என் செல்ல ரூனாவுக்கு,

படித்தேன். அழுதேன். வெளியே சொல்லிவிடாதே. இப்போது கண்ணைத் துடைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கிறேன்.

முதல் பிழை, காற்று. தென்மேற்குக் காற்று நம் ஊரில் பனியைக் கரைக்கும், பள்ளியை மூடாது. அன்று அடித்தது வடகிழக்கு. வானொலியில் வானிலை வாசிக்கும்போது யாரையும் மூச்சுவிடக்கூட விடாமல் கேட்க வைத்தேனே, எல்லாம் கடலில் கரைத்த உப்புதானா?

அடுத்தது, கயிறு. அது உன் இடுப்போடு முடிந்துவிட்டதா? உனக்குப் பின்னால் உன் தம்பி பிரின்யார் கட்டப்பட்டிருந்தான். ஆறு வயதுப் பையன். உன் கையுறை காற்றில் பறந்தபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் அவன் கையைத் தொட்டால் மீன் மாதிரி சில்லிட்டிருந்தது. என் அக்குளில் வைத்துச் சூடேற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்காட்ட சொல்லாதீங்க தாத்தா, அழுவா" என்றான்.

ருபார்ப். நீ காவல், சரி. வேலி தாண்டித் திருடியது யார்? நானா, இந்த முழங்காலை வைத்துக்கொண்டா?

நீச்சல் விஷயத்தைத் தாராளமாக அச்சில் போடு. குளத்தோர வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை உட்கார்ந்து வாயாலேயே நாட்டை ஆளும் கிழவர்கள் நான் போனபிறகு சிரிக்கட்டும். ஆனால் முழுதாகப் போடு. கண்டுபிடித்தவன் பிரின்யார். ஞாயிற்றுக்கிழமை குளம் மூடியபிறகு எனக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கப் பார்த்தவனும் அவன்தான். நீ கதவருகே நின்றாய். நான் நங்கூரம் மாதிரி அடிக்குப் போனேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே, மறந்துவிட்டாயா?

நீ மறக்கவில்லை ரூனா. வெட்டியிருக்கிறாய். உன் அம்மா போனபோதும் இதைத்தான் செய்தாய். அவன் வேலை பார்க்கும் கப்பல் அப்போது வடகடலில் இருந்தது. அடக்கத்தை இரண்டு நாள் தள்ளியிருக்கலாம், நீ தள்ளவில்லை. அதுகூடப் போகட்டும். பத்திரிகையில் நீ எழுதிய அஞ்சலியில் அவளுக்கு ஒரு மகன் இருந்ததாகவே இல்லை. அந்தப் பக்கத்தை அவன் துறைமுகத்தில் நின்று படித்தான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற மகளைப் புதைத்துவிட்டு வந்தவன் எதைப் பேசுவேன்? அடுத்த அஞ்சலி வரும்போது நான் மண்ணுக்குள் இருப்பேன், அப்போதும் பேச முடியாது. அதனால் இப்போதே சொல்கிறேன். ஒரே அஞ்சலி, இரண்டு பெயர். இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே வேண்டாம்.

அன்போடும் பென்சிலோடும்
தாத்தா


கோத்தன்பர்க்
9 ஏப்ரல் 1992

தாத்தாவுக்கு,

ஆக, அஞ்சலி வேண்டும் என்று கேட்டதே இதற்குத்தானா? நல்ல வலை வீசினீர்கள்.

அம்மா கடைசி மாதம் முழுக்க "பிரின்யார் வந்துட்டானா?" என்றுதான் கேட்டாள். பக்கத்தில் இருந்தது நான். அவன் கேப்டனிடம் கப்பலைத் திருப்பச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகும் மூன்று வருடமாக ஒரு வரி இல்லை. நீங்கள் எப்போதும் அவன் பக்கம்தான். அவன் பெயரோடு சேர்த்து என் பெயரைப் போட என்னால் முடியாது. மன்னித்துவிடுங்கள்.

கையுறை விஷயம் எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை?

ரூனா

மாத்திரை சாப்பிடுகிறீர்களா?


சிக்லுஃபியோர்த்
20 ஏப்ரல் 1992

ரூனா கண்ணு,

சாப்பிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், படுத்தபடி எழுதுகிறேன்.

சொல்லாதே என்றான், சொல்லவில்லை. அவ்வளவுதான். நீ என்னிடம் சொல்லாதே என்றவற்றையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் யார் பக்கமும் இல்லை. அன்று அந்தப் புயலில் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்த்தாலும் கண்ணில் பனிதான். பின்னால் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைக் கயிற்றின் இழுப்பை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போதும் நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். இழுப்பு தெரியவில்லை. கயிறு நடுவில் அறுந்துகிடக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. எனக்குச் சாகப் பயமில்லை புள்ள, இதற்குத்தான் பயம்.

அவன் கப்பலிலிருந்து வந்துவிட்டான். இனி ஒரு மாதம் கரையில்தான். அவன் தொலைபேசி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

தாத்தா


கோத்தன்பர்க்
4 மே 1992

அன்பும் பிடிவாதமும் ஒருசேர நிறைந்த தாத்தாவுக்கு,

பேசிவிட்டேன்.

நாலு முறை எண்ணைச் சுற்றிவிட்டு வைத்தேன். ஐந்தாவது முறை அவன் எடுத்துவிட்டான். வணக்கம்கூடச் சொல்லாமல், "அன்னைக்கு காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?" என்று கேட்டேன். யாரென்று அவன் கேட்கவில்லை. எந்த நாள் என்றும் கேட்கவில்லை. "வடகிழக்குக்கா" என்றான். "தென்மேற்குடா" என்றேன். "ஒனக்கு எப்பவும் எல்லாமே தென்மேற்குதான். பள்ளிக்கூடத்துலயே தெச தெரியாம வேற வகுப்புல போய் உக்காந்தவதான நீ" என்றான். அரை மணி நேரம் காற்றுக்காகச் சண்டை போட்டோம் தாத்தா! உங்கள் பேரன் வாய் கொஞ்சமும் குறையவில்லை.

பிறகு நான் கேட்டுவிட்டேன். "கேப்டன்ட்ட ஏன்டா கேக்கல?" "கேக்கப் போனேன்க்கா. வாயத் தொறந்தா எல்லாரு முன்னாடியும் அழுதுருவேன்னு பயம். திரும்பி வந்துட்டேன்" என்றான். அப்புறம் அவன் கேட்டான். "அம்மா அஞ்சலில என் பேர் போட எடமில்லாமயா போச்சு?" இடம் இருந்தது தாத்தா. நிறைய இருந்தது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

விடுப்பு வாங்கிவிட்டேன், டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பதினாறாம் தேதி அவன் விமான நிலையத்துக்கு வருகிறான். இருவரும் சேர்ந்து எழுதி உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து வாசிப்போம். அதுவரை எங்கேயும் போய்விடாதீர்கள். பென்சிலைச் சீவி வையுங்கள்.

உங்கள் பேத்தி
ரூனா


பத்திரிகையின் அஞ்சலிப் பக்கத்தில் வந்தது
6 ஜூன் 1992

அன்புள்ள தாத்தா,

இதை நாங்கள் மே மாதத்திலேயே உங்களுக்கு வாசித்துக் காட்டினோம். நீங்கள் தலையணையில் சாய்ந்துகொண்டு, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்தபடி கேட்டீர்கள். மறுகையில் பென்சில். "அன்பான" என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டீர்கள். "சர்க்கர ஜாஸ்தி, பல்லு கூசுது" என்றீர்கள். ருபார்ப் தோட்டத்துப் பாதிரியாரின் பெயரை எடுக்கச் சொன்னீர்கள். "அவர்தான என்னப் பொதைக்கணும், எதுக்கு வம்பு" என்றீர்கள். எடுத்துவிட்டோம். ஆனால் நாம் திருடியதெல்லாம் அவருக்கு அப்போதே தெரியுமாம், நேற்று அவரே சொன்னார். நமக்காகத்தான் வேலியில் ஒரு பலகையை ஆணி அடிக்காமல் விட்டுவைத்திருந்தாராம்.

உங்கள் மகள் ஹெர்திஸுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். முன்பு இதே பக்கத்தில் ஒரு பெயர் விட்டுப்போனது. இப்போது சரிசெய்கிறோம். அம்மா இரவு வேலைக்குப் போன வருடங்களில் எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, கதை சொல்லி, சீட்டாட்டத்தில் வெட்கமில்லாமல் ஏமாற்றி வளர்த்தவர் நீங்கள்.

வெந்நீர்த் தொட்டிப் பெரியவர்களே, கேளுங்கள். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நீந்தக் கற்றுக்கொடுத்த கிரீமுருக்கு நீந்தத் தெரியாது. ஆனால் அவர் கழியை நீட்டி நிற்கும்போது இந்த ஊரில் ஒரு குழந்தைக்கும் தண்ணீரைக் கண்டு பயம் வந்ததில்லை. எங்கள் தாத்தா எவ்வளவு பெரிய மனிதர் என்று சொல்ல எங்களுக்கு இது ஒன்றே போதும்.

உருளைக்கிழங்கை நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டோம். சன்னலைத் திறக்கச் சொல்லி, "வரிச கோணல்!" என்று கத்தினீர்கள். நீங்கள் சத்தமாகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். முளைத்துவிட்டது தாத்தா. கோணலாகத்தான் முளைத்திருக்கிறது.

யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொண்டபோது, "கயித்துல நின்ன வரிசப்படி போடுங்க" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அப்படியே போடுகிறோம். நீங்கள் சொன்ன திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம், ஒன்றைத் தவிர. அது நாங்கள் இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு.

நீங்கள் எங்களைக் கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்த அந்தப் புயல் நாளில் அடித்தது தென்மேற்குக் காற்று.

தப்பென்றால் எழுந்து வந்து திருத்துங்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகள்
ரூனா
பிரின்யார்