ஜோடி சேர்த்த மீன்

12.5.91, ஞாயிறு

தங்கை செல்வியைப் பெண் பார்க்கப் பாலவனத்தத்திலிருந்து வந்தார்கள். இது ஐந்தாவது இடம். மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் நான் வளர்க்கும் ஆஸ்கார் மீன் மற்ற மீன்களைத் தின்னும். "நல்ல காரியத்துல ஒத்தையா, அதுவும் கறுப்பா நிக்குதே" என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். அதனால் மதுரையில் ஒரு தங்க மீன் வாங்கி வந்து, அவர்கள் வரும் நேரம் பார்த்து ஜோடியாக விட்டேன். பெரிய மீன்தான், ஆஸ்காரின் வாய்க்குள் போகாது என்று நினைத்தேன். குழாயில் தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள் ஆகும்; அதுவரை தொட்டித் தண்ணீரை மாற்ற முடியாது. தொட்டி கலங்கக் கூடாதென்று மூன்று நாளாக இரை போடாததை மறந்துவிட்டேன்.

செல்வி காபி கொடுக்கும்போதே ஆஸ்கார் அதைப் பிடித்துவிட்டது. தங்க நிற வால் வாய்க்கு வெளியே துடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் எழுந்துபோய், வால் உள்ளே போகும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் வளத்திருக்கீக மச்சான்" என்றார்.

இந்தச் சகுனத்துக்கே வேண்டாமென்று விடுவார்கள் என நினைத்தேன். சாயங்காலமே சம்மதம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

தொட்டியில் மிதந்த செதில்களை அரித்தெடுத்துக்கொண்டே செல்வி கேட்டாள். "மொதச் சம்சாரம் எப்படிச் செத்தாகன்னு விசாரிச்சீகளாண்ணே?"

"காய்ச்சலாம்" என்றேன்.

யாரிடமும் நான் விசாரிக்கவில்லை.