எனக்கு முன்னால் நகல் வாங்கியவள்

ஜூன் 9, திங்கள்

அப்பாவின் பிறப்புப் பதிவு நகலுக்கு மனு கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவு ஆபீஸுக்குப் போனேன். அப்பா தேவதானத்தில் பிறந்து, கைக்குழந்தையாகவே மிஷன் விடுதிக்கு வந்தவர். குருசாமி, அய்யம்மாள் என்று பெற்றவர்களின் பெயர் மட்டும் தெரியும். வியாழக்கிழமை திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். அன்றிலிருந்து ஒரே பேச்சு: "எங்க ஆளுக யாருன்னு பாத்துச் சொல்லும்மா."

நகல் பிரிவில் இருந்த அனுசியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போன மாசந்தானக்கா வாங்கிட்டுப் போனிய? தொலச்சிட்டியளா?"

நான் அந்தப் படி ஏறியதே இன்றுதான்.

ஜூன் 10

யார் அவள்? பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை.

ஜூன் 14, சனி

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட். வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி செல்வி, அப்பன எரிச்சுப் பதினாறு கூட ஆகல. இங்கன என்ன செய்யுத?"

கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன் — என்ன பைத்தியக்காரத்தனம்!

ஜூன் 18, புதன்

நகல் கிடைத்தது. குருசாமி – அய்யம்மாளுக்கு ஒரே நாளில் இரண்டு ஆண் குழந்தைகள்.

முந்தைய மனுவில் இருந்த நம்பருக்கு அனுசியாவே போன் போட்டுக் கொடுத்தாள். எதிர்முனையில் என் குரல். ஆமாம், என்னுடைய குரலேதான்.

"நான் மாரிச்செல்வி. கூடப் பொறந்தவியளத் தேடச் சொல்லி அப்பாதான் அனுப்புனாக. அதுக்குள்ள நெஞ்சு வலின்னு சாஞ்சிட்டாக. போன வாரத்துக்கு முந்துன வியாழக்கிழம."

நாட்களை விரல்விட்டு எண்ணினேன்: அப்பா நெஞ்சைப் பிடித்த அதே வியாழன்.

"வெள்ளிக்கிழம பதினாறு. வருவியளா?" என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். அழவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

அப்பாவும் நானும் வத்திராயிருப்பு போனோம். அந்தத் தெருவில் நுழைந்ததுமே பேச்சு நின்றது. குழாயடியில் ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மாலை போட்ட படத்தில் அப்பா இருந்தார். வாசலுக்கு வந்த மாரிச்செல்வியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உள்ளே சுடலையம்மாள், இறந்தவரின் மனைவி. எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். அப்பாவைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஏன் இம்புட்டு நேரம்?"



"வழி தெரியாமப் போச்சு," என்றார் அப்பா.

அவள் இலை போட்டாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.