அப்பா மாத்திரை போடாத மூன்று நாள்

4.8, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று ஏய்க்கிறது. ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் வாரம், லீவு பேச்சே எடுக்க முடியாது. இன்று செக்கிங்கில் ஐந்து ஜோடி திருப்பி அனுப்பினேன். தையல் கோணல்.

அப்பா மாத்திரை ஆரம்பித்து எட்டு நாள். மாத்திரையோடு வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த தாள் இன்னும் என் கைப்பையில். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொன்னார். முதல் வரியே ‘நுரையீரல் புற்றுநோய்’. எப்படிப் படிக்க? நெஞ்சுச் சளிக்கு மாத்திரை என்றல்லவா அப்பா, அம்மா இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

5.8, செவ்வாய்
வேலை முடிந்து வந்தால் வாசல் நிலையில் வேப்பிலை. அப்பா முகம், மார்பு எல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம்.

“ஆடி மாசம் விஜி. மாரியம்மா வந்துருக்கா. மாத்திரை கீத்திரை ஒண்ணும் குடுக்கக் கூடாது, கோச்சிக்குவா.” மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள் அம்மா.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நர்ஸ் விரல் வைத்துக் காட்டிய வரி. இந்த மாத்திரைக்குப் பரு மாதிரி வரும், நீங்களா நிறுத்தாதீங்க, போன் பண்ணுங்க.

சொன்னால், அப்படி இன்னா நோவு என்று அம்மா கேட்பாள். பேசாமல் கூழ் கரைத்தேன். சீ.

7.8, வியாழன்
மூன்றாம் நாள். இளநீர், மோர், கூழ். “அரிப்பு கம்மிதாம்மா” என்கிறார் அப்பா. எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

வேலை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கம் போய் நர்ஸுக்குப் போன்.

“மூணு நாளா? ஏம்மா அன்னிக்கே பண்ணல?”

அவர் சொன்னது, மறக்காமல் இருக்க:
- விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது
- நாளைக்கே டாக்டரிடம். மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்று அவர்தான் சொல்வார்
- கடைக் களிம்பு வேண்டாம், வெயில் ஆகாது
- மூச்சு வாங்கினாலோ இருமல் ஜாஸ்தியானாலோ உடனே வரணும்
- நெஞ்செரிச்சல் மருந்துகூடக் கேட்டுத்தான்

சாயந்திரம் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். நோயின் பேரோடு. உலை பொங்கி வழிந்தது, அவள் அடுப்பை அணைக்கவில்லை.

“அப்ப நான்தான நிறுத்திட்டேன்.”

இல்லைம்மா, மறைத்தது நான் என்றேன். காதில் ஏறவில்லை. அவளே போய் அப்பாவிடம் சொன்னாள். அவர் கேட்டது: “நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸு?”

8.8, வெள்ளி
லீவு போட்டேன். ஏழு மணி பஸ், வேலூர். டாக்டர் கொப்புளத்தைப் பார்த்துக் களிம்பு எழுதினார். மாத்திரையை இன்றே தொடரச் சொன்னார்.

“மூணு நாள் விட்டதுல ஒண்ணும் ஆவாதே சார்?” அப்பாதான் கேட்டார்.

“ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். யாரு நிறுத்தச் சொன்னது?”

“நான்தான் சார். படிக்காதவ, தெரியாம பண்ணிட்டேன்.” அம்மா எழுந்து கும்பிட்டாள்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மடியில் கைப்பை, உள்ளே நர்ஸ் கொடுத்த அந்தத் தாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவங்க. இனிமே நீங்க பொறுப்பா பாத்துக்கங்க.”

சரி சார் என்றேன்.