ஆளை எழுதக் கூடாது

கூடிங், ஐடஹோ
மார்ச் கடைசி

அன்புள்ள எலெயுத்தேரியோ அவர்களுக்கு,

உங்கள் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததா? உங்கள் மனைவி இறந்த பிறகு அமைதியாகிவிட்ட வீட்டில் ஒரு குழந்தையின் சத்தம் கேட்பது நல்லதுதான். நான் நலம் என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன். நலம்தான்.

இங்கே ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. எந்த வண்டி வந்தாலும் நம் நாய் பெல்ட்சா வாசலுக்கு ஓடுகிறது. இறங்குவது நீங்கள் இல்லை என்றதும் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. நாய்க்கு எதைச் சொல்லிப் புரிய வைப்பது?

நீங்கள் காத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷமும் உங்களை மந்தை மேய்க்க இங்கே அழைப்பதற்கான சான்றிதழ் கிடைக்கவில்லை.

உள்ளூரில் விளம்பரம் போட்டு, தகுதியான ஒருவரும் வராவிட்டால்தான் வெளிநாட்டு ஆளை அழைக்கத் தொழிலாளர் துறை சான்றிதழ் தரும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இத்தனை வருஷத்தில் யார் வந்தார்கள்? ஆடு கடிக்குமா என்று கேட்டுவிட்டுப் போனானே ஒருவன், அவனை நினைத்து நாம் எத்தனை நாள் சிரித்தோம்!

இந்த முறை விளம்பரத்தை நானே எழுதினேன். நாய்க்குச் சீட்டியடிக்கத் தெரிந்தவர், பனி கொட்டினாலும் மந்தையை விட்டு இறங்காதவர், அதிகம் பேசாதவர், ஆனால் சமைக்கும்போது பாடுபவர். விண்ணப்பம் தயாரிக்கும் வெர்னா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்மா மயித்தே, இது வேலைக்கு ஆள் தேடுறியா, மாப்பிள்ளை தேடுறியா? வேலையத்தான் எழுதணும், ஆளை எழுதக் கூடாது. அதிகாரி பாத்தா தூக்கிக் கடாசிடுவாரு" என்றாள். எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தாள். ஆடு மேய்த்த அனுபவம் வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது.

அதைப் பார்த்துத்தான் ராய்ஸ் என்பவர் வந்தார். மர ஆலை மூடியதில் வேலை போனவர், சின்ன வயதில் அப்பாவின் மந்தையோடு திரிந்தவர். "நெஜமாவே ஆள் வேணுமா, இல்ல பேருக்குப் போட்டதா? இப்பவே சொல்லிடுங்க, நான் அடுத்த ஊருக்குப் போய்ப் பாக்கணும்" என்றார். எனக்கு முகம் சுட்டது.

என் தம்பி பியேர், "அவரைக் கண்டா நாய் குரைக்குது, ஆள் சரிப்படாதுன்னு தொறைக்கு எழுதி அனுப்புக்கா. யாரு வந்து பாக்கப் போறா?" என்றான். எழுத உட்கார்ந்தும் விட்டேன், கை வரவில்லை. அவராகவே தோற்றுப் போகட்டும் என்று குட்டிக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அங்கே தாய் செத்த குட்டி ஒன்று, குட்டி செத்த தாய் ஒன்று. ராய்ஸ் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். செத்த குட்டியின் தோலை வாலோடு உரித்து, தாயில்லாக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டார். "ஆத்தாக்காரி வாலத்தான் மொதல்ல மோந்து பாப்பா" என்றார். நீங்கள் சொல்லும் அதே பேச்சு. ஆடு மோந்து பார்த்தது, பால் கொடுத்தது. நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

தொழிலாளர் துறை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இந்த வேலைக்குத் தகுதியான உள்ளூர் ஆள் வந்தாரா என்று கேட்டார்கள். வந்தார் என்றேன். வேலையைப் பற்றித்தானே கேட்டார்கள், வேறெதையும் கேட்கவில்லையே.

மந்தை பாதியாகிவிட்டது; இரண்டு பேரை வைத்துக்கொள்ள வழியில்லை. ராய்ஸ் நல்ல மனிதர், அவரைத் திட்டாதீர்கள். தங்குவதற்குத் தன் சொந்தக் கூண்டு வண்டியைக் கொண்டு வந்துவிட்டார். உங்களுடையது அப்படியே நிற்கிறது. உங்கள் சிவப்புக் கம்பளித் தொப்பி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

இனி நான் உங்களுக்கு முதலாளியம்மா இல்லை. பதில் போட்டால் பெயர் சொல்லியே எழுதலாம்.

பேரக் குழந்தைக்கு என் முத்தம். மாதா உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அந்தத் தொப்பியை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மயித்தே